ஸ்ட்ரீமர் வாங்கலாமா? ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலேயே சோதித்து முடிவெடுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தங்களின் பெட்டிக்குள் சொக்லேட்டோடும் உடுப்போடும் இப்போது ஒரு புதுச் சாமானும் வருகிறது. உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. "இதை உன்ரை அம்பிளிபயரில் கொழுவிப் பார், பாட்டு வேற மாதிரிக் கேக்கும்" என்று சொல்லித் தருவார்கள். எனக்கு அப்படி ஒன்றைக் கனடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்து தந்தான். அது வந்த நாளில் இருந்து கோண்டாவில், மானிப்பாய், சுன்னாகம் என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். காசு கொடுத்து ஸ்ட்ரீமர் வாங்கினால் வீட்டில் பாட்டு இன்னும் திறமாகக் கேட்குமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது பாட்டுப் போடுகிற வழியில் ஏதோ ஒன்று ஒலியைக் கெடுத்துக்கொண்டிருந்தால், ஸ்ட்ரீமர் அதை விலக்கிவிடும், வித்தியாசமும் கேட்கும். அப்படி எதுவும் கெடுக்கவில்லை என்றால் வசதிதான் கூடும், ஒலி இருந்தபடியே இருக்கும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டில் கெடுப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது, இரவலாக ஒரு வயர், உதவிக்கு ஓர் ஆள் போதும்.

ஸ்ட்ரீமர் என்ன செய்கிறது

அது ஒரு சிறிய கொம்பியூட்டர். வைபை மூலம் ஸ்பொட்டிஃபை போன்ற சேவையில் இருந்தோ, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தோ பாட்டை எடுத்து அம்பிளிபயருக்குக் கொடுக்கும். போன் வெறும் ரிமோட் மாதிரி. பாட்டைத் தெரிவு செய்த பிறகு நீங்கள் போனோடு சந்தைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு வகை வழிகள் இருக்கும். ஒன்று டிஜிட்டல்: ஒப்டிக்கல் அல்லது கோஆக்சியல். மற்றது சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஓட்டைகள். இலக்கங்களை மின் அலையாக மாற்றும் டாக் என்ற சில்லு பெட்டிக்குள்ளேயே இருப்பதால் ஆர்சிஏ வழியால் நேரே அம்பிளிபயருக்குக் கொடுக்கலாம்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். வைபை பலவீனமாக இருந்தால் குரல் மெலிந்து கேட்கும், பேஸ் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். வலைப்பின்னலில் பாட்டு துண்டு துண்டாக வருகிறது, தவறிய துண்டை ஸ்ட்ரீமர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரத்துக்கு வந்து சேராவிட்டால் பாட்டு நின்றுவிடும், அவ்வளவுதான். நிற்காமல் ஓடும் பாட்டின் இலக்கங்கள் அனுப்பியபடியேதான் வந்து சேருகின்றன. சேவை தானாகவே தரத்தைக் குறைத்து அனுப்பினால் மட்டும் கதை வேறு. அதை இரண்டாம் படியில் நிறுத்துவோம்.

படி 1: பாட்டு வரும் வழியைத் தாளில் எழுதுங்கள்

எங்கிருந்து தொடங்கி, எதன் ஊடாக, எந்த ஸ்பீக்கருக்கு வருகிறது? "போன், புளூடூத், ரிசீவர், பழைய சன்சுயி அம்ப், ஸ்பீக்கர்" என்று ஒரு வரி போதும். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த வீடுகளில் நான்கு வழிகள்தான் அதிகம்: புளூடூத், போனில் இருந்து வயர், மடிக்கணினியில் இருந்து வயர், ரிவியில் யூடியூப் போட்டு ரிவியில் இருந்து அம்புக்கு வயர்.

எழுதும்போதே அம்பின் பின்பக்கத்தையும் பாருங்கள். வயர் ஃபோனோ என்று எழுதிய ஓட்டையில் இருந்தால் உடனே கழற்றி ஆக்ஸ் அல்லது சிடி என்ற ஓட்டைக்கு மாற்றுங்கள். ஃபோனோ இசைத்தட்டுக்காக உள்ளது, அதில் வேறு எதைக் கொழுவினாலும் ஒலி சிதறும். இந்த ஒரு மாற்றத்தோடு ஸ்ட்ரீமர் தேவையில்லை என்று ஆன வீடும் உண்டு.

கடற்கரைப் பக்கம், குருநகர், பாசையூர் போன்ற இடங்களில் இருப்பவர்கள் ஆர்சிஏ முனைகளைக் கழற்றித் துடைத்துக் கொழுவுங்கள். உப்புக் காற்றில் முனை கறுத்து ஒரு பக்க ஸ்பீக்கர் அடங்கிப் போகும். செம்மண் பக்கமானால் தூசி வொலியூம் திருகிக்குள் போய்க் கரகரக்கும். கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிறே அடித்தால் போய்விடும். இரண்டும் பாட்டுப் போடும் கருவியின் பிழை போலவே கேட்கும், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

படி 2: செட்டிங்ஸ்

செலவே இல்லாத படி, பலன் பெரியது. ஸ்பொட்டிஃபையில் ஒலித்தரம் 'தானியங்கி' என்று இருந்தால் வைபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனியே உச்சத்துக்கு மாற்றுங்கள். அங்கே காசு கட்டும் பிரீமியத்தின் உச்சம் நீண்ட காலம் நொடிக்கு 320 கிலோபிட்டாக இருந்தது. 2025 செப்டெம்பரில் இழப்பில்லாத தரமும், அதாவது சுருக்கினாலும் பாட்டில் எதுவும் தொலையாத தரமும், அறிமுகமாகி நாடு நாடாக வரத் தொடங்கியது, உங்கள் கணக்கில் அந்தத் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூன் முதல் மேலதிகக் கட்டணம் இல்லாமல் இழப்பில்லாத தரம் கிடைக்கிறது. ஆனால் செட்டிங்ஸில் நாமே அதை இயக்கிவிட வேண்டும். யூடியூப் மியூசிக்கின் உச்சம் 256 கிலோபிட்.

இக்குவலைசர், 'சரவுண்ட்', 'பேஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் போனிலும் ரிவியிலும் மடிக்கணினியிலும் நிறுத்துங்கள். வயரில் கொடுக்கும்போது போனின் வொலியூமை உச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், சத்தத்தை அம்பில் குறைக்க வேண்டும். போனில் குறைத்து அம்பில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

டேட்டாக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி செலவாகும். சிடி தரம் என்றால் நொடிக்கு 1411 கிலோபிட், சுருக்கி அனுப்பும்போது மணிக்கு ஏறக்குறைய 400 எம்பி. சிடியை விட உயர்ந்த 'ஹை-ரெஸ்' தரத்தில், 24 பிட் 192 கிலோஹேர்ட்ஸ் கோப்பு மணிக்கு 2 ஜிபியைத் தாண்டக்கூடும். பைபர் இணைப்புக்கு இது பெரிய விசயம் இல்லை. 4ஜி ரவுட்டரில் மாதப் பக்கேஜ் போட்டிருப்பவர்கள் கட்டாயம் கணக்குப் பார்க்க வேண்டும்.

படி 3: கேட்கும் பதிவு எப்படிப்பட்டது?

1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலையும், அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் நான் தேடித் தேடிக் கேட்பவன். இன்று அவை நமக்குக் கிடைப்பது பழைய பதிவுகளை யாரோ அன்போடு யூடியூபில் ஏற்றி வைத்திருப்பதால்தான். யூடியூபின் ஒலி பெரும்பாலும் 128 முதல் 160 கிலோபிட். அதற்கு முன்பே அந்தப் பதிவுகள் பிரதிக்கு மேல் பிரதியாகத் தேய்ந்திருக்கும். எந்த ஸ்ட்ரீமரும் தேய்ந்ததைத் திருப்பித் தராது.

இன்னொன்று. ஒலிக்கென்றே செய்யப்பட்ட ஸ்ட்ரீமர்களுக்குச் சாதாரண யூடியூப் செயலியில் இருந்து நேரடியாக அனுப்ப முடியாது. யூடியூப் மியூசிக்கில் இருந்து காஸ்ட் செய்யலாம், அதாவது வைபை வழியாகப் பெட்டிக்கு அனுப்பலாம். சாதாரண யூடியூப் என்றால் புளூடூத் போன்ற சுற்று வழிதான். கச்சேரி, பட்டிமன்றம், சொற்பொழிவு என்று யூடியூபிலேயே முக்கால்வாசி நேரம் கேட்பவராக இருந்தால் இந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள். ரிவியில் இருந்து அம்புக்கு ஒரு நல்ல வயர் ஓடினால் உங்கள் வேலை முடிந்தது.

சரி, ஹை-ரெஸ்? சிடி 1982இல் வந்தபோது வைத்த 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் என்ற அளவு 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வரை ஒலியைப் பிடிக்கும். மனிதக் காதின் எல்லையும் அதுதான். வயது போகப் போக அந்த எல்லை இன்னும் இறங்கும். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்தர ஒலித்தட்டின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி மாற்றி மாற்றிப் போட்டபோது, கேட்டவர்களின் சரியான பதில் காசு சுண்டிச் சொன்ன அளவுக்கே, அதாவது பாதிக்குப் பாதியாகவே இருந்தது. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோசுவா ரீஸ் 18 சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்தார். சரியான பதில் 52 வீதத்தைச் சிறிது தாண்டியது. அவரது ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். மொத்தத்தில் வித்தியாசம் இருந்தாலும் நூலளவு. ஃபான் சுழலும், பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர் பாடும் நம் வீட்டு ஹோலில் அந்த நூலுக்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இழப்பில்லாத சிடி தரம் கிடைத்தால் தாராளம்.

படி 4: புளூடூத்தைக் கழற்றி வயரைக் கொழுவிப் பாருங்கள்

இந்தப் படியிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். புளூடூத் பாட்டை மீண்டும் ஒருமுறை சுருக்கி அனுப்புகிறது. எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி முறையின் வழக்கமான உச்சம் 328 கிலோபிட். எல்டாக் முறை 990 கிலோபிட் வரை போகும், ஆனால் போன், ரிசீவர் இரண்டிலும் அது இருக்க வேண்டும். சுருக்குவதால் வரும் குறையை விட, மலிவு ரிசீவருக்குள் இருக்கும் டாக்கின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் நான் அதிகம் கண்ட பிரச்சினை. அம்பைக் கூட்டி, பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கருக்குக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் விளங்கும். பாட்டு இடையில் தட்டுப்படுவதும், அழைப்பு வந்தால் ரிங்ரோன் ஸ்பீக்கரில் அலறுவதும் வேறு.

போனில் ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதில் இருந்து ஆர்சிஏக்குப் போகும் வயர் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஓட்டை இல்லாத போனுக்கு யூஎஸ்பி-சி டொங்கிள், அதாவது சார்ஜ் ஓட்டையில் கொழுவி ஹெட்போன் ஓட்டை தரும் சிறிய துண்டு. ஆப்பிளின் சிறிய டொங்கிள் அளவீடுகளில் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் பல அண்ட்ரொய்ட் போன்களில் அதன் சத்தம் குறைவாக வரும், கொழுவிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். வயரில் பாட்டு தெளிந்துவிட்டால் கெடுத்தது புளூடூத் பக்கம்தான். இப்போது உங்களுக்கு இரண்டு வழி: வயரோடேயே இருக்கலாம், அல்லது வயர் இல்லாத வசதி வேண்டுமென்றால் ஸ்ட்ரீமர் வாங்கலாம். இரண்டிலும் ஒலி ஒரே அளவுக்குத் திருந்தும்.

மடிக்கணினியில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் அது எர்த் வளையம். மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும் வயர் வழியாக அம்புக்குள் நுழைகின்றன. பழைய வீடுகளில் எர்த் சரியாக இல்லாமல் இருப்பதும், ஒரே அறையில் சில ப்ளக்கில் எர்த் இருந்து சிலதில் இல்லாமல் இருப்பதும் சாதாரணம். ஒப்டிக்கல் வயர் வெளிச்சத்தால் பாட்டைக் கொண்டுபோவதால் உறுமல் அதில் தாண்டாது. இப்படிப்பட்ட வீட்டில் ஸ்ட்ரீமர் உண்மையிலேயே ஒலியைத் திருத்தும். உறுமலை நிறுத்துகிறோம் என்று ப்ளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் முறிக்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

படி 5: அறையும் ஸ்பீக்கரும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். என் வீட்டில் ஆகப் பெரிய மாற்றம் வந்தது இங்கேதான்.

நம் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. சீமேந்துத் தரை, பூச்சுப் பூசிய மொட்டைச் சுவர், உயர்ந்த கூரை. ஹோலின் நடுவில் நின்று ஒருக்கால் கைதட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு நடுக்கம் திரும்பி வந்தால், அதே நடுக்கம் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டின் மேலும் பூசப்படுகிறது. தம்புராவின் ஓசை தேய்ந்து மறையும் அந்தக் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சுவரின் எதிரொலி முதலில் விழுங்குவதும் அதைத்தான். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் தரையில் ஒரு தடித்த விரிப்பு, எதிர்ச் சுவரில் புத்தக அலுமாரி, ஜன்னலுக்குப் பாரமான சேலை, ஒரு மெத்தைக் கதிரை. இவற்றைப் போட்டுவிட்டு மறுபடி கைதட்டுங்கள்.

பேஸின் கதை வேறு. 12 அடி நீளமான அறையில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது ஏறக்குறைய 48 ஹேர்ட்ஸில் முதல் குவியல் உண்டாகும், அதன் மடங்குகளிலும் அப்படியே. ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்தால் அந்தக் குவியல் இன்னும் ஊதும். தவிலின் தொப்பியில் பூவரசங் கழி விழும் அடி ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்க வேண்டும், 'கும் கும்' என்று ஒன்றோடொன்று ஒட்டிப் போகக் கூடாது. ஒட்டிக் கேட்டால் ஸ்பீக்கரைச் சுவரில் இருந்து ஒன்றரை இரண்டு அடி முன்னுக்கு இழுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 6 அடி என்றால் நீங்களும் ஒவ்வொன்றில் இருந்தும் 6 அடியில் இருங்கள். ஸ்பீக்கரில் மேல் ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டர் உங்கள் காதின் உயரத்துக்கு வர வேண்டும்.

என் ஸ்பீக்கர்கள் பத்து வருடமாகக் கண்ணாடி ஷோகேஸின் மேல் இருந்தன, உள்ளே கோப்பைகள். அவற்றை இறக்கி இரண்டு மர முக்காலியில் வைத்த அன்று, அதே போன், அதே வயர், அதே பாட்டில் பாடகி ஹோலின் நடுவில் வந்து நின்றார். அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து "புதுசா என்ன வாங்கினனி?" என்று கேட்டா. அன்று நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

இங்கே ஸ்ட்ரீமருக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீம் போன்ற சில ஸ்ட்ரீமர்களில் அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. போனின் மைக் மூலம் அறையை அளந்து, ஊதும் பேஸைக் குறைத்துவிடும். ஸ்பீக்கரை நகர்த்த முடியாத சிறிய அறை என்றால் இந்த வசதி மற்ற எல்லாவற்றையும் விடக் காதுக்கு நன்றாகத் தெரியும். வாங்குவதானால் இதற்காக வாங்குங்கள் என்று நான் சொல்வேன்.

படி 6: கண்ணை மூடிச் சோதித்தல்

இப்போது ஒரு ஸ்ட்ரீமரை இரவல் வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரிடம் ஒன்று இருக்கும், கேட்டால் ஒரு நாளுக்குத் தருவார்கள். அதை அம்பின் சிடி ஓட்டையில் கொழுவுங்கள், உங்கள் பழைய வழி ஆக்ஸில் இருக்கட்டும். இரண்டிலும் ஒரே சேவையில் இருந்து ஒரே பாட்டு, ஒரே தரம்.

கொழுவிய உடனே ஸ்ட்ரீமர் 'ஆகா' என்று கேட்கும். அதை நம்ப வேண்டாம். ஸ்ட்ரீமரின் ஆர்சிஏ பொதுவாக 2 வோல்ட் அளவில் வெளியே தரும், போனின் ஓட்டை ஒரு வோல்ட் அல்லது அதற்கும் குறைவு. வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபெல் சத்தம் கூடுகிறது. இரண்டு ஒலியில் சற்றே சத்தம் கூடியதை நம் காது 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'தெளிவு கூட' என்றுதான் சொல்லும். மச்சான் தந்த பெட்டியை முதல்நாள் கொழுவியபோது பத்துக்குப் பத்தும் அதுவே திறம் என்று நானும் சொன்னேன். என் காதில் பொய் இல்லை, வோல்ட்டில்தான் வித்தியாசம்.

சத்தத்தைச் சமப்படுத்த ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். 100 ஹேர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை இரண்டு வழியாலும் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளவுங்கள். மீற்றர் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 2.00 காட்டினால் மற்றதிலும் 2.00 வரும்வரை ஸ்ட்ரீமரின் செயலியில் வொலியூமைக் குறைக்க வேண்டும். 2.04 வரை பொறுக்கலாம், அது 0.2 டெசிபெல்தான். அதற்குப் பிறகு அம்பின் வொலியூமைத் தொடக் கூடாது. மீற்றர் இல்லாவிட்டால் போனில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு ஒரே இடத்தில் வைத்து அளக்கலாம், ஆனால் அவ்வளவு துல்லியம் வராது.

பிறகு உதவிக்கு வந்தவர் அம்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் முதுகு காட்டி இருங்கள். அவர் காசு சுண்ட வேண்டும்: தலை விழுந்தால் ஸ்ட்ரீமர், பூ விழுந்தால் பழைய வழி. ஒரே பாட்டின் அதே 20 விநாடித் துண்டு. எது என்று சொல்லுங்கள், அவர் எழுதட்டும், சரியா பிழையா என்று இடையில் வாய் திறக்கக் கூடாது. இப்படிப் பத்து முறை. குருட்டுவாக்கில் சொன்னாலும் 10இல் 5 சரி வரும். 7 சரி என்பது கூட அதிர்ஷ்டத்தில் அடிக்கடி நடக்கும். 9 அல்லது 10 சரியாகச் சொன்னால், அது அதிர்ஷ்டத்தில் வரும் வாய்ப்பு நூறில் ஒன்றளவுதான், ஆகவே வித்தியாசம் உங்களுக்கு நிச்சயம் கேட்கிறது. 8 வந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னும் பத்து முறை பாருங்கள்.

துண்டு துண்டாக ஏன் கேட்க வேண்டும், ஒரு கிழமை வைத்துக் கேட்டால் தெரியாதா என்று தம்பி ஒருவர் கேட்டார். தெரியாது, ஏனென்றால் காது பழகிவிடும். 1990களில் கரண்ட் இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. அந்தக் கரகரப்புக்குள் இருந்தும் குரலைப் பிரித்தெடுத்த காதுகள் இவை. போன கிழமை கேட்டதையும் இன்று கேட்பதையும் நினைவால் ஒப்பிட அதே காதால் முடியாது, அடுத்தடுத்துக் கேட்டால்தான் முடியும்.

என் முடிவுகள்: மலிவு புளூடூத் ரிசீவருக்கு எதிராக 10இல் 9. டொங்கிள் வயருக்கு எதிராக 10இல் 6. இரண்டாவது சோதனையை மூன்று நாள் விட்டு மறுபடி செய்தேன், 5தான் வந்தது.

படி 7: முடிவு

ஸ்பீக்கர் சின்னக் கொம்பியூட்டர் ஸ்பீக்கர் என்றால் ஸ்ட்ரீமர் காசை அப்படியே நல்ல ஸ்பீக்கருக்குச் சேருங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயரில் கேட்டு, சோதனையில் 5, 6 எடுத்து, வசதியும் தேவைப்படாதவர் எதுவும் வாங்க வேண்டாம். புளூடூத் கெடுக்கிறது, ஆனால் வயர் இழுபடும் வீடு வேண்டாம் என்பவர் வாங்கலாம். உறுமலை வேறு வழியால் நிறுத்த முடியாதவர், அறையைத் திருத்தும் வசதி தேவைப்படுபவர் வாங்கலாம். வீட்டில் நாலு பேர், ஆளுக்கொரு போன், ஒரே அம்ப் என்றாலும் வாங்கலாம், ஆனால் ஒலிக்காக அல்ல, வீட்டுச் சமாதானத்துக்காக.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். கனடா, அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. அடப்டரில் 100–240 என்று எழுதியிருந்தால் ப்ளக் முனையை மாற்றினால் போதும். ஸ்ட்ரீமரோடு சேர்த்து அங்கிருந்து அம்பும் கொண்டுவருவார்கள், அதில்தான் ஆபத்து. பின்பக்கத்தில் 120 மட்டும் எழுதியிருந்தால் டிரான்ஸ்போமர் இல்லாமல் இங்கே கொழுவிய நொடியே புகையும்.

அடுத்தது, உங்கள் சேவை அதில் நேரடியாக ஓடுமா என்பது. ஸ்பொட்டிஃபை பெரும்பாலானவற்றில் ஓடும். ஆப்பிள் மியூசிக் பல ஸ்ட்ரீமர்களின் சொந்தச் செயலியில் இருக்காது, ஏர்பிளே அல்லது கூகிள் காஸ்ட் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதற்கான வசதி பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடக்கத்துக்கு வீம் வகையின் சிறியவை போதும். புளூசவுண்ட் நோட் போன்ற விலை கூடியவை நன்றாகக் கட்டப்பட்டவை, இணைப்புகளும் அதிகம். சமப்படுத்திய சோதனையில் அந்த விலை காதுக்குத் தெரியுமா என்பதை மேலே சொன்ன முறையால் நீங்களே பாருங்கள். கூகிளின் பழைய ஸ்ட்ரீமரான குரோம்காஸ்ட் ஓடியோ இரண்டாம் கையாகக் கிடைக்கும். நல்ல சாமான், ஆனால் 2019இல் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, திருத்தம் வரும்வரை உலகம் முழுவதும் சில நாட்கள் வேலை செய்யாமல் இருந்தது. நிறுவனத்தை நம்பி இருக்கும் எந்தப் பெட்டிக்கும் இப்படி நடக்கலாம்.

கைவேலை பிடித்தவர்களுக்கு ராஸ்பெரி பை பலகையும் ஹைஃபைபெரி டாக்கும் சேர்த்து வொலூமியோ என்ற சொஃப்ட்வெயரைப் போட்டால் ஒரு முழு ஸ்ட்ரீமர் தயார். கம்பஸ் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் செய்துவிடுவார்கள். அதுவும் வேண்டாம் என்றால், திரை வெடித்த பழைய போன் ஒன்றை டொங்கிளோடு அம்புக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்து, உங்கள் போனில் இருந்து ஸ்பொட்டிஃபை கனெக்ட் மூலம் இயக்கலாம். ஸ்ட்ரீமரின் வேலையில் முக்கால்வாசி அதிலேயே நடக்கும்.

கொழுவும் நாள்

சுண்ணாம்புக் கல்லால் கட்டிய தடித்த சுவர் வீடுகளில் 5 கிகாஹேர்ட்ஸ் வைபை அடுத்த அறைக்கே போகாது. 2.4இல் இணையுங்கள், அல்லது ரவுட்டரில் இருந்து ஈதர்நெற் வயர் ஓடுங்கள். செயலியில் சொஃப்ட்வெயரைப் புதுப்பித்துவிட்டு, வொலியூம் மட்டுப்படுத்தல், இக்குவலைசர் இரண்டும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். அறைத் திருத்தத்தைக் கடைசியாகப் போடுங்கள், போட்டதையும் போடாததையும் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அம்பில் தனி டாக் இருந்தால் ஒப்டிக்கலிலும் ஆர்சிஏயிலும் கேட்டுப் பார்த்து, வித்தியாசம் தெரியாவிட்டால் வயர் நேராக ஓடுகிற பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் ரவுட்டர், ஸ்ட்ரீமர், அம்ப் மூன்றின் ப்ளக்கையும் சுவரில் இருந்து கழற்றி வையுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. ஈதர்நெற் வயர் ஓடியவர்கள் அதையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாலும் வரும்.